மைக்கேனியா கொடியை ஒழிப்பது எப்படி: தோட்டக்காரர்களுக்கும் காட்டோரத்தில் இருப்பவர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

மைக்கேனியாவை வெட்டத் தெரியாதவர் யாரும் இல்லை. அரிவாள் பட்டாலே அறுந்துவிடும் மெல்லிய கொடி அது. ஒரு நாள் கூலிக்கு நாலு பேரை விட்டால் ஒரு ஏக்கர் பளிச்சென்று ஆகிவிடும். இரண்டே மாதத்தில் அதே இடம் முன்பைவிட அடர்த்தியாகப் பச்சை போர்த்திக்கொண்டு நிற்கும். வெட்டியது தப்பில்லை. வெட்டிய துண்டுகளை ஈர மண்ணில் விட்டதுதான் தப்பு. ஒவ்வொரு கணுவும் ஒரு பதியன். அரிவாளோடு உள்ளே போன ஆள் தெரியாமலே நாற்று நட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கூடலூர், வால்பாறை, கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் பகுதி, கேரளம், இலங்கையின் மலையகமும் ஈரவலயமும், மலேசியத் தோட்டங்கள் ஆகிய இடங்களில் இந்தக் கொடியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது.

எங்கிருந்து வந்தது

மைக்கேனியா மைக்ராந்தாவின் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்காவின் வெப்பமண்டலம். சாமந்தி, பார்த்தீனியம், மூக்குத்திப்பூ எல்லாம் சேர்ந்த குடும்பம். 1949இல் பராகுவேயிலிருந்து விதை தருவித்து இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் வளர்த்தார்கள். 1956 வாக்கில் ரப்பர் தோட்டங்களில் மண்ணை மூடும் பயிராகவே அதைப் பரப்பினார்கள். மண் அரிக்காது, களை முளைக்காது என்று கணக்குப் போட்டார்கள். கடைசியில் அதுவே களையானது. மலேசியாவில் செய்த ரப்பர் சோதனைகளில், பயறுவகைக் கொடிகள் மூடிய நிலத்தைவிட மைக்கேனியா மூடிய நிலத்தில் ரப்பர் கன்றுகள் பின்தங்கின. தண்ணீருக்கும் சத்துக்கும் போட்டி போடுவது போதாதென்று, மண்ணில் தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கும் வடிவுக்கு மாறுவதையும் இது தடுக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் அசாம் விமானத்தளங்களை மறைக்க ராணுவம் கொண்டுவந்தது என்ற கதையைப் பலர் சொல்வார்கள். கேட்க சுவாரசியமாக இருக்கும். வேலைக்கு உதவாது.

மலையாளத்தில் இதற்குத் திருதராஷ்டிரப் பச்சை என்று பெயர். பீமனுக்குப் பதிலாக நிறுத்திய இரும்புச் சிலையைக் கட்டித் தழுவி நொறுக்கிய கிழவரின் பெயர். இந்தக் கொடியின் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது: அணைத்தே கொல்லும். சிங்களத்தில் 'வத்து பாலு' என்பார்கள், அதாவது தோட்டத்தைப் பாழாக்குவது. ஆங்கிலத்தில் மைல்-எ-மினிட். இளங்கொடி நல்ல மழைக்காலத்தில் நாளொன்றுக்கு 8, 9 சென்டிமீட்டர் வளரும். நிமிடத்துக்கு மைல் என்பது கோபத்தில் வைத்த பெயர். அந்த ஆங்கிலப் பெயரை இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் உள்ள வேறொரு செடியும் வரும். முக்கோண இலை, தண்டில் முள், நீலநிறக் காய் என்று இருந்தால் அது நம்முடையது அல்ல. அதற்கான மருந்துக் கணக்கைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

இதய வடிவ இலையோடு ஏறுகிற கொடிகள் நம் பக்கம் ஏராளம். சீந்தில், மிளகு, கோவை, காட்டுவள்ளி என்று நல்ல கொடிகளையும் சேர்த்து வெட்டிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. குறிப்பாகக் காட்டோரத்தில் இது பெரிய நஷ்டம்.

ஒரு கொடியைக் கையில் எடுத்து கணுவைப் பாருங்கள். மைக்கேனியாவில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். சீந்தில், மிளகு இரண்டிலும் ஒரு கணுவுக்கு ஒரே இலை. கோவையில் சுருள் கம்பி இருக்கும். மைக்கேனியாவுக்குச் சுருள் கம்பியே கிடையாது, தண்டைச் சுற்றித்தான் ஏறும். காட்டுவள்ளியில் சில வகைக்கு எதிரிலை உண்டு. அதன் நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை வில் போல ஓடும், இலை விளிம்பு வழவழப்பாக இருக்கும். மைக்கேனியா இலையின் விளிம்பு அலையலையாக அல்லது மழுங்கிய பல்லாக இருக்கும். தண்டை ஒடித்தால் பால் வராது.

இன்னும் சந்தேகமா? இளங்கணு ஒன்றைக் கண்ணருகே பிடியுங்கள். இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே, கிழிந்த ஜவ்வு போல ஒரு மெல்லிய மடிப்பு தண்டின் குறுக்கே நிற்கும். முதிர்ந்த கணுவில் அது காய்ந்து கறுத்துப் போயிருக்கும். எனவே நுனியிலிருந்து நாலைந்து கணுவுக்குள் பாருங்கள்.

பூத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். வெள்ளையும் லேசான பச்சையும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள் கொத்துக்கொத்தாகக் கொடியின் மேல்பரப்பு முழுக்க நுரை பொங்கியது போல இருக்கும். தேனீ மொய்க்கும். ஒவ்வொரு சிறு தலையிலும் எண்ணி நாலே நாலு பூ. விதை கறுப்பாக, ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், நுனியில் வெள்ளை முடிக்குஞ்சத்தோடு இருக்கும். ஆயிரம் விதையைச் சேர்த்து நிறுத்தாலும் 0.1 கிராம் எட்டாது. காற்று தூக்கிக்கொண்டு போகும். ஆட்டு ரோமத்திலும் வேலையாட்களின் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும்.

இதன் பலவீனம் எங்கே

மூன்று விஷயங்கள் தெரிந்தால் பாதிக் கூலி மிச்சம்.

ஒன்று, இதற்கு வெளிச்சம் வேண்டும். அடர்ந்து மூடிய சோலைக்குள் மைக்கேனியா நுழைவதில்லை. மரம் விழுந்த இடம், சாலையோரம், ஓடைக்கரை, கவ்வாத்து வெட்டிய (கிளை கழித்த) தேயிலை, கைவிட்ட வயல் ஆகியவைதான் அதன் இடம். விதையும் வெளிச்சம் பட்டால்தான் சரியாக முளைக்கும்.

இரண்டு, விதையிலிருந்து வரும் நாற்று ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வளரும். முதல் சில வாரங்கள் அது சின்னப் பூண்டு. அப்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஓடத் தொடங்கிய பிறகுதான் அது கொடி.

மூன்று, துளிர்ப்பது கணுவிலிருந்து மட்டும். இரண்டு கணுவுக்கு இடைப்பட்ட வெறும் தண்டு முளைக்காது. ஆனால் ஒரே ஒரு கணு உள்ள துண்டு ஈர மண்ணில் கிடந்தால் போதும், ஒரு வாரத்துக்குள் கணுவைச் சுற்றி வெள்ளை வேர்முனைகள் தெரியும். தரையில் ஓடும் கொடி தானாகவே கணுவுக்குக் கணு வேர்விட்டிருக்கும். ஆகவே "ஒரு செடி" என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இருபது முப்பது வேர்களில் நிற்கும் ஒரு வலை. தலைவேரை மட்டும் பிடுங்கினால் மீதி எல்லாம் தனித்தனிச் செடியாகிவிடும்.

எப்போது இறங்குவது

தென்மேற்குப் பருவமழை பெய்யும் பகுதிகளில் மழை ஓயும்போது பூக்கத் தொடங்கி, குளிர்காலத்தில் விதை பறக்கும். ஒரு செடி ஒரு பருவத்தில் 20,000 முதல் 40,000 விதைவரை உதிர்க்கும் என்று பதிவாகியிருக்கிறது. எனவே மொட்டு வைப்பதற்குள் வேலை முடியவேண்டும்.

பெரிய வெட்டுக்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே. வெயிலில் கொடி சோர்ந்திருக்கும், கீழே கிடக்கும் துண்டுகள் வேர்விடுவதற்குள் காய்ந்துபோகும். மறுபக்கம், மண் இறுகியிருப்பதால் வேர் பிடுங்க வராது, பாதியில் அறுந்துவிடும். அதனால் முதல் கோடைமழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து இறங்குவது நல்லது. இரண்டாம் பெரிய சுற்று ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில், மொட்டு வைக்கும் முன்.

தொடர்மழையில் மட்டும் வெட்டவேண்டாம். ஜூலையில் ஆள் சும்மா இருக்கிறதென்று மைக்கேனியா வெட்ட அனுப்புவது பல தோட்டங்களில் வழக்கம். அது வெட்டு அல்ல, நடவு.

இலங்கையின் ஈரவலயம், கன்னியாகுமரி போல இரண்டு பருவமழையும் தொடும் இடங்களில் மாதக் கணக்கை நம்பாமல் கொடியையே பாருங்கள். வெயில் நன்றாகப் படும் ஓரத்தில், மேல் உச்சியில்தான் முதல் மொட்டு வரும். அந்த இடத்தை வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும்.

கருவிகள்

கைப்பிடி வசதியான சிறு அரிவாள், நீளக்கழி மாட்டிய கொக்கி அரிவாள், மூன்று பல் முள்ளு, தடித்த கையுறை, வெட்டியதைச் சுமக்கச் சாக்கு அல்லது படுதா, காயப்போடக் கறுப்பு பாலித்தீன் ஷீட், பூங்கொத்து போட வாய் கட்டும் பிளாஸ்டிக் பைகள். அவ்வளவுதான்.

புல்வெட்டும் மெஷினை எடுத்து வரவேண்டாம். சுழலும் பிளேடு கொடியை இரண்டு மூன்று கணுத் துண்டுகளாக நறுக்கி நாலாபுறமும் வீசும். ஒரு மணி நேரத்தில் சுத்தமாகத் தெரியும் நிலம் ஒரு மாதத்தில் சொல்லும் கதை வேறு.

வேலை: படிப்படியாக

1. சுற்றிப் பார்த்துக் குறியுங்கள். நிலத்தின் எல்லை, ஓடை, சாலை, மரத்தடி என்று ஒரு காகிதத்தில் வரைந்து, எங்கே கொடி சிதறலாக இருக்கிறது, எங்கே பாய் விரித்தது போல இருக்கிறது, எங்கே மரத்தில் திரை போட்டிருக்கிறது என்று மூன்றாகப் பிரியுங்கள். சிதறலாக உள்ள இடத்தில்தான் முதலில் இறங்கவேண்டும். எல்லோரும் கண்ணை உறுத்தும் பெரிய திரையில்தான் தொடங்குவார்கள். அங்கே ஆள்பலம் தீர்ந்துபோகும். அதற்குள் சிதறல் பாயாகிவிடும். சரிவான நிலத்தில் மேலிருந்து கீழாக வாருங்கள். ஓடைக்கரையில் நீர் வரும் திசையிலிருந்து தொடங்குங்கள். அறுந்த துண்டு மழைநீரில் கீழேதான் போகும்.

2. திரைக்குள் தலையை நுழைக்கும் முன் தட்டிப் பாருங்கள். மைக்கேனியா திரையின் உள்பக்கம் குளவி கூடு கட்ட அருமையான இடம். நீளக்கழியால் நாலு இடத்தில் அசைத்துவிட்டு இரண்டு நிமிடம் தள்ளி நில்லுங்கள். தரையில் பாயாக உள்ள இடத்தில் பாம்புக்குப் பயந்து கால்வைக்கவேண்டும், பழைய குழி, கான் (வடிகால்) எல்லாம் மூடியிருக்கும். யானை நடமாடும் பகுதியில் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலு மணிக்குப் பின்னும் வேலை வேண்டாம்.

3. மரத்தில் ஏறிய கொடியை இழுக்காதீர்கள். இதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. கொடியைப் பிடித்து இழுத்தால் இளமரத்தின் கிளை, மிளகுக் கொடி, பாக்கு மட்டை எல்லாம் சேர்ந்து வரும். பதிலாக, இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, கணுக்கால் உயரத்தில் ஒரு வெட்டு. நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். மரத்தைச் சுற்றி இப்படி ஒரு இடைவெளி வந்துவிட்டால் மேலே இருப்பது தண்ணீர் இல்லாமல் தானாகக் காய்ந்து தொங்கும். மேலிருந்து தரையைத் தொடும் நுனி ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒன்று மண்ணைத் தொட்டாலும் வேர்விட்டு மேலே உள்ள மொத்தத்துக்கும் உயிர் கொடுத்துவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மேலே ஏற்கெனவே பூத்திருந்தால் காயவிட்டால் விதை முற்றிப் பறக்கக்கூடும். அப்போது கொக்கி அரிவாளால் பூங்கொத்துகளை மட்டும் மெதுவாக அறுத்து, பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். வெள்ளை முடி தெரியத் தொடங்கிவிட்டதா? காற்று இல்லாத காலை நேரத்தில், பனி ஈரம் இருக்கும்போதே அறுங்கள்.

4. வேரைத் தேடிப் போங்கள். தரையில் ஓடும் கொடியைக் கையால் தூக்கிப் பிடித்து, இழுக்காமல், அது போகும் வழியே நடக்கவேண்டும். மண்ணில் பிடித்திருக்கும் ஒவ்வொரு கணுவின் கீழும் முள்ளைக் குத்தி நெம்பி, வேரோடு எடுக்கவேண்டும். வேர் ஆழமில்லை. முதல் ஒரு சாணுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் முண்டாகத் தடித்திருந்தால் அதுதான் பழைய தலைவேர், அதை முழுதாக எடுக்காமல் நகரக்கூடாது. வேலை மெதுவாகப் போகும். ஒருவருக்கு 2 மீட்டர் அகலப் பட்டை கொடுத்து வரிசையாக முன்னேறச் சொல்லுங்கள். கான்ட்ராக்ட் கணக்கில் பரப்பளவுக்குக் கூலி பேசினால் வேர் மண்ணிலேயே இருக்கும். இந்த வேலைக்கு நாள்கூலிதான் கட்டுபடியாகும்.

5. வெட்டியதை அதே நாளில் வெளியே கொண்டு வாருங்கள். தரையில் குவியல் குவியலாகப் போட்டுவிட்டு நாளை எடுக்கலாம் என்பது நடக்காது. படுதாவில் வாரி, வெயில் படும் பாறை, சிமெண்ட் களம் அல்லது கறுப்பு ஷீட்டின்மேல் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். தண்டை மடக்கினால் படக்கென்று ஒடியவேண்டும். வளைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். மழை வந்துவிட்டால் அதன்மேலும் ஒரு கறுப்பு ஷீட்டைப் போட்டு ஓரத்தில் கல்வைத்து மூடிவிடுங்கள், உள்ளேயே வெந்து அழுகும்.

ஒடியும் அளவு காய்ந்தபிறகு உரக்குழியில் போடலாம், தேயிலைக்கடியில் மூடாக்காகவும் போடலாம். பச்சையாக மூடாக்குப் போடுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பூவோடு உள்ளதை உரக்குழிக்கும் அனுப்பவேண்டாம், எரித்துவிடுங்கள்.

மாட்டுக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆடு, மாடு தின்னும். மலேசியத் தோட்டங்களில் ரப்பருக்கு அடியில் செம்மறி மேய்த்தே இதை அடக்குகிறார்கள். ஆனால் கறவை மாட்டுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவு இருப்பதால் இதையே முழுத்தீவனமாக்குவது சரியல்ல. இன்னொன்று, தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் கணு சிந்தும். இதுவரை இல்லாத வீதியில் வேலியோரம் திடீரென்று மைக்கேனியா முளைப்பதற்கு இந்தத் தீவனக்கட்டுதான் பலநேரம் காரணம்.

6. மூன்றாம் வாரம் திரும்பி வாருங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் விட்டுப்போன கணுக்கள் இருக்கும். 20, 25 நாளில் அவை சாண் உயரத் துளிராகத் தெரியும். இப்போது பிடுங்கினால் வேரோடு வரும். இந்தச் சுற்றுக்கு முதல் சுற்றின் கூலியில் சிறு பங்கு போதும். ஆனால் இதைத் தவறவிட்டால் முதல் சுற்றின் கூலி மொத்தமும் போச்சு. அடுத்தது இன்னொரு 3 வாரம் கழித்து, பிறகு மொட்டுக்கு முன் செப்டம்பர் சுற்று. இரண்டாம் ஆண்டில் மே, ஜூலை, செப்டம்பர் என்று மூன்று முறை. ஜூலையில் போவது வெட்ட அல்ல, முளைத்த நாற்றை வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டு வெளியே எடுக்க மட்டும்.

7. வெளிச்சத்தை மூடுங்கள். சுத்தம் செய்த நிலத்தை வெறுமனே விட்டால் அது அடுத்த விதைக்குத் தயாரான நாற்றங்கால். தேயிலையில் செடி செத்துப்போன காலியிடங்களை நிரப்புவதுதான் நிரந்தர வழி. மேல்தளம் கூடிவிட்ட தேயிலைக்குள் மைக்கேனியா ஓரத்திலிருந்துதான் வரமுடியும். கவ்வாத்து வெட்டும் ஆண்டுதான் ஆபத்தான ஆண்டு. கவ்வாத்துக் குச்சியும் தழையும் நிலத்திலேயே தடிமனாகக் கிடக்கட்டும், விறகுக்கு அள்ள விடாதீர்கள். பெரிய வெற்றிடங்களில் குவாத்தமாலா புல் போட்டு, பிறகு தேயிலை நடலாம். வீட்டுத்தோட்டம், வாழை, மரவள்ளி இடைவெளிகளில் கொள்ளு, தட்டைப்பயறு விதைத்தால் இரண்டு மாதம் நிலம் மூடியிருக்கும். அதற்குள் முக்கியப் பயிர் எழுந்துவிடும்.

காட்டோரமாக இருந்தால் அந்த இடத்தின் மரங்களையே நடுங்கள். வட்டக்கண்ணி போன்ற வேகமாக வளரும் மரம் இரண்டு மூன்று ஆண்டில் நிழல் தரும். அதன் அடியில் மெதுவாக வளரும் சோலை மரங்கள் தலைதூக்கும். வால்பாறையில் துண்டுதுண்டான மழைக்காடுகளை மீட்கும் வேலை இந்த வரிசையில்தான் நடக்கிறது. களை எடுப்பதும் கன்று நடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் அங்கே. புதுக்கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தை மாதம் ஒருமுறை கையால் சுத்தம் செய்யவேண்டும். மைக்கேனியா ஏறிய ஒரு முழ உயரக் கன்று ஒரே மழைக்காலத்தில் வளைந்து மண்ணைத் தொட்டுவிடும். நிலம் வனத்துறையுடையது என்றால் அனுமதி வாங்காமல் ஒரு கொடியையும் தொடவேண்டாம்.

மருந்து அடிப்பதைப் பற்றி

கைவேலையால் முடியாத அளவு பரப்பு இருந்தால் மட்டும் இந்தப் பகுதி. முதலில் சட்டம். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே அடிக்கவேண்டும் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. கேரளம் 2019இலேயே தடை போட்டது. கூடலூர்க்காரர் எல்லை தாண்டி வயநாட்டு நிலத்தில் அடித்தால் அது வேறு கணக்கு. இலங்கையில் 2015இல் தடை, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலக்கு என்று மாறிமாறி வந்தது. வாங்கும் நாளன்று உள்ள விதியைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

இந்தியாவில் 41 சதவீத கிளைஃபோசேட் கரைசலுக்குத் தேயிலையில் லேபிளில் உள்ள அளவு, ஹெக்டேருக்கு 2 முதல் 3 லிட்டர், 450 லிட்டர் தண்ணீரில். 16 லிட்டர் முதுகு டேங்குக்கு அது 70 முதல் 105 மில்லி. அடித்த பிறகு கொழுந்து பறிக்க 21 நாள் காத்திருக்கவேண்டும். லேபிளில் பெயர் சொல்லியிருப்பது பெரும்பாலும் புல் வகைகளை. மைக்கேனியாவுக்குத் தனி அளவு கண்டுபிடித்து டோஸைக் கூட்டுவது பலன் தராது. மேல் இலை கருகிவிடும், வேருக்கு மருந்து இறங்காது.

எப்படி அடிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆள் உயரத் திரைமேல் அடித்தால் மேலடுக்கு காயும், அடியில் இருப்பது அப்படியே பிழைக்கும். முதலில் வெட்டி அகற்றுங்கள். துளிர் ஒரு முழம் வந்து, நாலைந்து ஜோடி இலை விரிந்ததும் அந்தத் துளிர்மேல் மட்டும் அடியுங்கள். புதிய இலை மருந்தை உறிஞ்சி வேருக்கு அனுப்பும் நேரம் அது. பூத்துக் காய்ந்துகொண்டிருக்கும் கொடிக்கு அடிப்பது பண விரயம்.

கலங்கல் தண்ணீரில் கலக்காதீர்கள். களிமண் துகள் கிளைஃபோசேட்டைப் பிடித்துக்கொள்ளும், டேங்கில் இருக்கும்போதே மருந்து செத்துவிடும். ஓடைத் தண்ணீர் என்றால் ஒரு நாள் தெளியவைத்து மேல் தண்ணீரை எடுங்கள். அடித்தபிறகு ஆறு மணி நேரமாவது மழை வரக்கூடாது. தேயிலை இலையில் பட்டுவிட்டால் அடுத்த துளிர்கள் ஊசி போல ஒடுங்கி வரும், மாதக்கணக்கில் கொழுந்து போகும். இளந்தேயிலையில் அடிக்கவே வேண்டாம்.

2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி மலிவு, அகன்ற இலைக் களைகளை நன்றாக அடிக்கும் என்பார்கள். உண்மைதான். அகன்ற இலை என்றால் தக்காளி, பீன்ஸ், மரவள்ளி, நிழலுக்கு வைத்த முள்முருங்கைக் கன்று எல்லாமும்தான். காற்றில் பரவி பக்கத்துத் தோட்டத்தில் இலை சுருண்டால் சண்டை நிச்சயம். ஒருமுறை 2,4-டி போட்ட டேங்கை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் தனியாக வைப்பது நல்லது.

நீரோடையிலிருந்து தள்ளி அடியுங்கள். ஓடைக்கரைக்குக் கைவேலைதான்.

பூச்சியும் பூஞ்சையும்

இதன் சொந்த ஊர் எதிரிகளைக் கொண்டுவந்து விடும் முயற்சி பல நாடுகளில் நடந்தது. லியோத்ரிப்ஸ் என்ற இலைப்பேன் 1988இல் சாலமன் தீவுகளிலும் 1990இல் மலேசியாவிலும் விடப்பட்டது, இரண்டிலும் நிலைக்கவில்லை. பிறகு பக்சீனியா ஸ்பெகாசீனி என்ற துருப் பூஞ்சை வந்தது. டிரினிடாடிலிருந்து எடுத்த ரகத்தைத் தனிமைப்படுத்திச் சோதித்து, 2005இல் அசாமிலும் 2006இல் கேரளத்திலும் விட்டார்கள். கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் அதில் முன்நின்றது. இலை, காம்பு, தண்டு எல்லாவற்றிலும் பழுப்புக் கொப்புளம் போட்டுக் கொடியை வாட்டும் பூஞ்சை இது. இங்கே தொற்றியது, ஆனால் நிலைக்கவில்லை. அதே பூஞ்சை பாப்புவா நியூ கினி, ஃபிஜி, வனுவாட்டு தீவுகளில் நன்றாகப் பரவியது. இடைவிடாத ஈரமும், முதலில் விடும் அளவும் முக்கியம் என்று தெரிகிறது. நம் கோடை அதற்கு ஒத்துவராதது போலும். ஆக, இங்கே இப்போதைக்குப் பூஞ்சையை நம்பி அரிவாளைக் கீழே வைக்க முடியாது.

சீனாவில் அம்மையார் கூந்தல் ஒட்டுண்ணிக் கொடியை விட்டு மைக்கேனியாவை அடக்கிப் பார்த்தார்கள். அடங்கவும் செய்தது. அதைப் படித்துவிட்டு இங்கே யாரும் முயலவேண்டாம். அம்மையார் கூந்தல் மைக்கேனியாவோடு நிற்காது, காய்கறிக்கும் கிளைரிசிடியா வேலிக்கும் தாவும்.

எங்கே தவறுகிறது: சில அடையாளங்கள்

வெட்டிய இரண்டு மாதத்தில் வரிசையாக, நேர்கோட்டில் துளிர் வந்தால் தரைக்கொடியின் கணுவேர்கள் எடுபடவில்லை. அங்கங்கே கொத்தாக வந்தால், வெட்டியதைக் குவித்துவைத்த இடங்கள் அவை. பாதையோரமாக மட்டும் வந்தால் சுமந்துபோன வழியில் சிந்தியது. நிலம் முழுக்கச் சீராக, நூல் போல மெல்லிய தண்டோடு குட்டி நாற்றாக வந்தால் அது விதை. முந்தைய பருவத்தில் உங்களுடையதோ பக்கத்திலோ பூத்ததைத் தவறவிட்டிருக்கிறீர்கள். நாற்றாக வருவதற்கு முள்ளு வேண்டாம், ஆறு வாரத்துக்குள் கையால் பிடுங்கினால் போதும். எந்த வகை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மறுபடி அரிவாளால் வெட்டுவதுதான் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது.

ஓடையோரத் தோட்டங்களில் வெள்ளம் வடிந்த பிறகு ஒருமுறை கரையைப் பாருங்கள். மேலே எங்கோ வெட்டியது உங்கள் கரையில் ஒதுங்கியிருக்கும். வண்டிச் சக்கரம், மண் அள்ளும் இயந்திரத்தின் பல், நாற்றுப்பையின் மண் ஆகியவற்றிலும் கணு வரும். வெளியிலிருந்து வாங்கும் நாற்றுகளையும் சாணத்தையும் ஒரு மாதம் தனியிடத்தில் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள்.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் நிலத்தைச் சுற்றி வரும்போது ஒரு வெள்ளைக் கொத்தும் கண்ணில் படவில்லை என்றால், அடுத்த ஆண்டு மே, செப்டம்பர் என்று இரண்டு சுற்று போதும். பக்கத்து நிலத்தில் கொடி இருக்கிறவரை எல்லையை ஒட்டி 5 மீட்டர் பட்டையை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். வேலிமேல் ஏறி இந்தப் பக்கம் தொங்கும் நுனிகளை வெட்டி உங்கள் பக்கம் விழவிடாதீர்கள். கையில் பிடித்துக்கொண்டு வெட்டி, நேராகச் சாக்கில் போடுங்கள்.